முதல் பத்திக்கு ஓர் ஆள்

எங்கள் பத்திரிகையில் கருத்துப் பக்கத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் பத்தியில் ஓர் ஆள், இரண்டாம் பத்தியில் நாடு. விலைவாசி பற்றி எழுதினால் முதலில் ஓர் ஆட்டோக்காரர் வந்து புலம்ப வேண்டும். வெள்ளம் என்றால் ஒரு பெரியவர் எருமையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நிற்க வேண்டும். ஆறு வரிக்குமேல் இவர்களுக்கு இடம் கிடையாது. ஆறாவது வரி முடிந்ததும் அவர்களை இறக்கிவிட்டு, "ஆனால் பிரச்சினை இதைவிடப் பெரிது" என்று நாம் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். படிக்கிறவருக்கு அதற்குள் மனசு இளகியிருக்கும். நாம் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரி. தில்லியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன் என்றால் சும்மாவா?

அப்படி நான் ஏற்றி இறக்கிய ஓர் ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இதில் யாருடைய பெயரும் வராது. பக்கத்துத் தீவில் இருக்கும் ஓர் ஊரைப் பற்றிப் பேசுவேன், அந்த ஊரின் பெயரும் வராது. ஒரு தடவை எழுதிப் பட்டது போதும்.

நான் கரோல் பாகில் வளர்ந்தவள். அப்பா செக்ரடேரியட்டில் கிளார்க். இரண்டு அறை வாடகை வீடு, கீழே பஞ்சாபி துணிக்கடை. புசா ரோட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் படித்தேன், அதனால் எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். என்னோடு தில்லியில் வளர்ந்த பாதிப்பேருக்கு அது வராது. அலுவலகத்தில் எங்கள் மாடி முழுக்க எடுத்தாலும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்த ஒரே தகுதியால், காவிரித் தண்ணீர், பொங்கல், கோயில் யானை, பக்கத்து நாட்டு ஜனாதிபதித் தேர்தல், எதுவானாலும் என் மேஜைக்கு வந்துவிடும். அந்தத் தீவில் நான் காலே வைத்ததில்லை. அதைப் பற்றி யார் கேட்டார்கள்?

எனக்கு ரவிக்கை தைக்கிற அக்காவைச் சொல்ல வேண்டும். ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டாம் மாடி. முன்னறையில் ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின். தில்லி டெய்லர் பையாக்கள் தைக்கிற ரவிக்கை ஒன்று மூச்சை முட்டும், இல்லாவிட்டால் தோளில் நிற்காமல் வழியும். அக்கா தைத்தால் உடம்போடு ஒட்டி நிற்கும். அந்த வட்டாரத்துத் தமிழ்ப் பெண்கள் அத்தனைபேரும் அவரிடம்தான் போவோம். அவருடைய கணவர் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் வேலை. அக்கா தீவின் வடக்கே கடலோர ஊர் ஒன்றில் பிறந்து, சின்ன வயதில் படகேறி வந்து, திருச்சிப் பக்கம் அகதி முகாமில் படித்து, கல்யாணமாகித் தில்லிக்கு வந்தவர்.

தில்லித் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்போம். மெட்ரோவில் யாராவது போனில் தமிழ் பேசுவது காதில் விழுந்தால், அவர் போனை வைக்கும்வரை காத்திருந்து, "நீங்க எந்த ஊரு?" என்போம். ஊர் தெரிந்த பிறகு பெயர் எதற்கு? என் போனில் கும்பகோணம் மாமி இருக்கிறார், பழனி ஆடிட்டர் இருக்கிறார், கோவில்பட்டி மிலிட்டரி அங்கிள் இருக்கிறார். இவர்களில் பாதிப்பேருக்கு என்ன பெயர் என்று என்னைக் கேட்டால் முழிப்பேன். அக்காவின் அளவுப் புத்தகமும் அப்படித்தான். நீளமான கணக்கு நோட்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் ஓர் ஊர். நான் "விருதுநகர்", அது அப்பாவின் ஊர். என் உயரம், சுற்றளவு, கை நீளம் எல்லாம் விருதுநகருக்குக் கீழே இருக்கும். போனில் அக்காவை நான் அவருடைய ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் பதிந்திருந்தேன்.

அந்த ஊரை அவர் சொல்கிற விதமே தனி. யாராவது புதிதாக வந்து எந்த ஊர் என்று கேட்டால் மெஷினை நிறுத்திவிடுவார். ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, ஊரின் பெயரை முழுசாகச் சொல்லி, "அங்க எங்கட வளவில ஒரு கிணறு இருக்கு. கடல் கிட்ட எண்டாலும் தண்ணி இளநி மாதிரி" என்பார். கேட்டவருக்கு ஏதாவது புரிந்ததா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

வளவு என்று அவர் சொல்கிற அந்த வீட்டு மனையும் கிணறும் ராணுவ முகாமின் வேலிக்குள் போய் அப்போதே வருஷக்கணக்காகியிருந்தது. வீடு இருந்ததோ இடித்துவிட்டார்களோ தெரியாது. அக்காவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு தம்பி. அவர் முகாமுக்கு வெளியே சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். காணி பறிபோனவர்கள் சேர்ந்து வேலிக்கு எதிரில் ஒரு கொட்டில் போட்டு, எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று நாள் தவறாமல் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிதான் அந்தக் கொட்டிலுக்குச் செயலாளர் மாதிரி. மனு எழுதுவது, வருகிற பத்திரிகைக்காரர்களிடம் பேசுவது, மழைக்குக் கூரையைச் சரிசெய்வது எல்லாம் அவர் பொறுப்பு.

சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அவர் அக்காவுக்குப் போன் செய்வார். நான் போகிறதும் சனிக்கிழமைதான். போன் அடித்ததும் அக்கா வாயில் பிடித்திருந்த குண்டூசிகளைக் கிண்ணத்தில் துப்பிவிட்டுப் பால்கனிக்கு ஓடுவார். துணி காயும் கொடிக்கு நடுவே நின்றுகொண்டு பத்து நிமிஷம் பேசுவார், சிரிப்பார், வைவார். திரும்பி வரும்போது முகம் கழுவினாற்போல இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவர் தைத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

தேர்தல் வந்தது. தில்லிப் பத்திரிகைகளுக்குத் தேர்தல் என்றால் கூட்டல் கழித்தல். பீகார் என்றால் சாதியைக் கூட்டுவார்கள், தீவு என்றால் இனத்தைக் கூட்டுவார்கள். சிங்களவர் இத்தனை, தமிழர் இத்தனை, முஸ்லிம்கள் இத்தனை, ஆகவே இன்னார் ஜெயிப்பார். அந்த முறை தென்னிலங்கை வேட்பாளர் ஒருவர் இனப் பேச்சு இனி வேண்டாம், எல்லோருக்கும் பசி ஒன்றுதான் என்று பேசிக்கொண்டிருந்தார். தமிழர்கள் அவரை நம்புவார்களா, இல்லை தங்கள் ஆளுக்கே போடுவார்களா என்பதுதான் எல்லாப் பத்திரிகையிலும் கேள்வி. அதற்குப் பதில் எழுதியவர்களில் பாதிப்பேருக்குத் தீவின் வடக்கு எது கிழக்கு எது என்று வரைபடம் இல்லாமல் காட்டத் தெரியாது. நானும் அந்தப் பாதியில் ஒருத்தி.

எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பாசிரியர் லக்னோக்காரர். கூட்டத்தில் என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க இந்தத் தடவை எந்தப் பக்கம்?" என்றார்.

"என் ஆளுங்க ஆர்.கே.புரத்துல இருக்காங்க. அவங்களுக்கு அங்க ஓட்டு கிடையாது" என்றேன்.

"அரே, தமிழ் தமிழ்தானே! திங்கட்கிழமை சாயங்காலம் கொடுத்துடு. பக்கத்துல மேல போடறேன். இனம் தாண்டி ஓட்டு விழுமா, அதுதான் கேள்வி. ஆனா எனக்கு ஒரு மனுஷக் குரல் வேணும். புத்தகத்துல இருந்து எடுக்காதே."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பக்கத்தின் மேல்பாதி, என் பெயர், என் படம். வாயெல்லாம் பல்லாகத்தான் எழுந்து வந்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஒரு பட்டு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன், அளவு பார்க்கப் போனேன். நான் கண்ணாடி முன்னால் நிற்கும்போது தம்பியின் போன் வந்தது. அக்கா பால்கனிக்குப் போனார். அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. வந்து என் தோளில் குண்டூசியைத் தப்பான இடத்தில் குத்தி, எடுத்து, மறுபடி குத்தினார்.

"என்னக்கா ஆச்சு?"

"தம்பி களைச்சுப்போனான், தங்கச்சி" என்றார். "கொட்டில்ல எல்லாரும் கூடி, இந்தமுறை எங்கட ஆளுக்குத்தான் போடுறது எண்டு முடிவு செய்திருக்கினம். அவன்தான் முன்னுக்கு நிண்டு சொன்னவன். இப்ப எனக்கு மட்டும் சொல்லுறான், அக்கா, நான் மற்றவருக்குத்தான் போடப்போறன் எண்டு. அந்தச் சிங்கள ஆளுக்கு. அவர் வந்தால் காணி விடுவம் எண்டு அவற்ர ஆக்கள் சொல்லியிருக்கினமாம்."

"நம்பறாரா?"

"நம்பேல்லை. 'எங்கட ஆக்களுக்கு எத்தினைதரம் போட்டாச்சு, வேலி ஒரு அடி நகரேல்லையே அக்கா. சாகிறதுக்கு முன்னம் அந்தக் கிணத்தில ஒருக்கா தண்ணி அள்ளிக் குளிக்கவேணும்' எண்டு அழுகிறான். ஆம்பிளை, ஐம்பது வயசு."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், கண் நிறைந்த அதே நேரத்தில் மண்டைக்குள் ஒரு மணி அடித்தது. முதல் பத்தி கிடைத்துவிட்டது! பாதி தைத்த ரவிக்கையோடு கண்ணாடி முன் நின்றுகொண்டு நான் வாக்கியம் கோத்தேன். இப்படி ஒரு பிறவி.

"அக்கா, இத நான் எழுதலாமா?"

அவர் நூலைக் கடித்துத் துப்பினார். "என்னத்துக்கு?"

"இங்க எல்லாரும் தமிழங்கன்னா கண்ண மூடிட்டு இனத்துக்குத்தான் போடுவாங்கன்னு எழுதறாங்க. ஒரு மனுஷனுக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல."

நான் சொன்னது பொய்யில்லை. அதுதான் கொடுமை. அக்கா அடுத்த குண்டூசியைக் குத்திவிட்டு, "எழுதுங்கோ. ஆனால் பேரைப் போடவேண்டாம்" என்றார்.

"சத்தியமா போட மாட்டேன்."

போடவில்லை. தம்பிக்கும் பெயர் போடவில்லை, அக்காவுக்கும் போடவில்லை. "பாதுகாப்புக் கருதிப் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது" என்றுகூட எழுதினேன், பெரிய நியாயஸ்தி மாதிரி. ஆனால் ஊரைப் போட்டேன். வேலிக்குள் இருக்கும் கிணற்றைப் போட்டேன். கொட்டிலைப் போட்டேன், அதில் அவர் செய்த வேலையைப் போட்டேன், சந்தியில் சைக்கிள் கடையைப் போட்டேன், தில்லியில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்கா இருப்பதைப் போட்டேன். எவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறோமோ அவ்வளவு உயிர் வரும் என்று நான்தானே புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன்! ஆறு வரி. ஏழாவது வரியில் தீவின் தேர்தல் வரலாறு, இனவாதம், பொருளாதாரம் என்று நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். தலைப்பு போடுவது எங்கள் கையில் இல்லை. அதைப் பக்கத்தைக் கட்டுகிறவர்கள் போட்டார்கள். இனத்தைத் தாண்டி நடக்கத் தொடங்கிய தமிழர்கள் என்று பொருள் வரும் ஆங்கிலத் தலைப்பு. ஒரு சைக்கிள் கடைக்காரரின் அழுகை ஓர் இனத்தின் முடிவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கட்டுரை வந்தது. பாராட்டான பாராட்டு. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததுதான். பட்டு ரவிக்கையை வாங்கப் போகும்போது பத்திரிகையையும் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். அவர் மெஷினில் விரித்துவைத்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். ஊர்ப் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"பாருங்கோவன், எங்கட ஊர் இங்கிலீசில!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "தில்லிப் பேப்பரில எங்கட ஊர்!"

அந்தத் துண்டைக் கத்தரியால் வெட்டி, அளவுப் புத்தகத்தின் அட்டைக்கு உள்பக்கம் பசை போட்டு ஒட்டினார். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஊரைக் கேட்டு ஊரைக் கேட்டே ஆளைப் பிடிக்கிற கூட்டம் நாங்கள். ஊரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? லக்னோக்காரர் இந்தத் தப்பைச் செய்தால் மன்னிக்கலாம். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அடுத்தவர் தலையைச் சொறிந்தேன்.

மறுநாள் ஒரு டிவி சேனல் கூப்பிட்டது. அதே பட்டு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போனேன். திரையில் எட்டுக் கட்டம், எட்டுத் தலை, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். எனக்குக் கிடைத்த ஒன்றரை நிமிஷத்தில் ஊரின் பெயரை இரண்டு தடவை சொன்னேன். உச்சரிப்புச் சுத்தம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை தீவின் தமிழ் நாளிதழ் ஒன்று என் கட்டுரையை மொழிபெயர்த்துப் போட்டது. ஊரின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் போனில் பார்த்தபோதுதான் நான் செய்தது உறைத்தது. சரி, பெயர் இல்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை அங்கே வாக்குப்பதிவு. அக்காவுக்குப் போன் வரவில்லை. தேர்தல் நாள், வேலை இருக்கும் என்று நினைத்தாராம். ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார், எடுக்கவில்லை. திங்கள், செவ்வாய், எடுக்கவில்லை. பிறகு அங்கே இருக்கும், அக்காவுக்கு மச்சாள் முறையான ஓர் உறவுக்காரர் மூலம் விஷயம் தெரிந்தது. கொட்டிலில் யாரோ கட்டுரையை உரக்க வாசித்திருக்கிறார்கள். தம்பியும் அங்கேதான் இருந்தார். ஆறு வரி முடிவதற்குள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். தில்லியில் ஓர் அக்கா இருப்பது அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான். அவர் உட்காரும் நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கடைக் கதவில் காணிக்கு வோட்டு வித்த துரோகி என்று கரியால் எழுதினார்கள். பிறகு அந்தக் கடைக்கு ஒரு சைக்கிளும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அக்கா மெஷினில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தார். போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். அதை அனுப்பிவிட்டுத் தம்பி அக்காவின் எண்ணையே தடுத்துவிட்டார். ஒரே வரிதான்.

"அக்கா, நான் உனக்குத்தானே சொன்னனான்."

வேறு ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அக்கா இன்னொரு தடவை போட்டார். "போதும்க்கா" என்றேன். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். "உங்களில பிழை சொல்லேல்லை. நானும்தான் பாத்தனான், ஒட்டியும் வச்சனான்" என்றார். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு உதவி செய்யுங்கோ, தங்கச்சி. அது கற்பனை, அப்பிடி ஒரு ஆளே இல்லை, நான் சும்மா எழுதினனான் எண்டு ஒரு வரி பேப்பரில போடுங்கோ. அதை எடுத்து மச்சாளுக்கு அனுப்புறன். அவையள் அவனைத் திரும்பச் சேர்ப்பினம். என்னோடயும் கதைப்பான். ஒரு வரிதான்."

ஒரு வரிதான். அடுத்த நாளே அலுவலகத்தில் பொறுப்பாசிரியர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அதுல எது தப்பு?"

"எதுவும் தப்பு இல்ல."

"அப்ப எதைத் திருத்தறது?" என்றார். "இணையத்துல ஊர்ப் பேரை எடுத்துடலாம், இப்பவே சொல்றேன். ஆனா கற்பனைன்னு போடணும்னா, எழுதினவ கற்பனை பண்ணினான்னுதான் போடணும். உன் கையெழுத்தோட ஒரு கடிதம் கொடு, நாளைக்கே போடறேன். அதுக்கப்புறம் நீ இங்க வேலை பார்க்க முடியாது. எங்கயும் முடியாது. யோசிச்சுக்கோ."

அவர் சொன்னது நியாயம். இல்லாததை எழுதினேன் என்று ஒரு பத்திரிகைக்காரி ஒப்புக்கொண்டால் அன்றோடு அவள் கதை முடிந்தது. உண்மையை எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு கட்டம் கிடையாது.

மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் கரோல் பாக் ஸ்டேஷன் வருவதற்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். இருபது வருஷமாகச் சேர்த்த பெயர். என் வார்த்தையை நம்பலாம் என்று நாலு பேர் சொல்கிற பெயர். அக்கா, தம்பி பெயரை மறைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, என் பெயர் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை.

சனிக்கிழமை அக்காவிடம், "ஆபீஸ்ல ஒத்துக்கலக்கா. எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்" என்றேன்.

நான் அந்த விஷயத்தில் எழுதியது எல்லாம் உண்மை. சொன்ன ஒரே பொய் இது. அதையும் யாருக்காகச் சொல்ல வேண்டுமோ அவர்களுக்காகச் சொல்லவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அளவு எடுக்கிறவர் கண் அது, அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் பிடித்துவிடும். "ஓம், உங்களுக்கும் பிழைப்பு இருக்குத்தானே" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

தேர்தலில் யார் ஜெயித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், இங்கே அது தேவையில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அந்த ஊரில் வேலி கொஞ்சம் பின்னால் போனது. சில காணிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் தம்பியின் வளவும் ஒன்று. ஊரில் இருந்த ஒன்றிரண்டு பேருக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம் மிச்சம் இருந்திருந்தால் அதுவும் அன்றோடு போயிற்று. பார்த்தீர்களா, வாங்கிக்கொண்டான் என்றார்களாம். ஒத்தாசைக்கு ஆளில்லாமல் தனியாகக் கிணற்றை இறைத்தார் என்று மச்சாள் சொன்னார். தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்ல அவர் அக்காவைக் கூப்பிடவில்லை.

நான் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் எழுதுகிறேன். வாய்ப்பாடும் அதேதான். புதுப் பிள்ளைகளிடம், ஊர்ப் பெயர் வேண்டாம், அடையாளம் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர்கள் தலையாட்டுகிறார்கள். என் பொறுப்புணர்ச்சியை மெச்சி ஒருத்தி ஒருமுறை கைகூடக் குலுக்கினாள். ஊருக்குத்தானே உபதேசம்.

சனிக்கிழமைகளில் அக்காவிடம் போவதையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தப்பித்த மாதிரி ஆகிவிடும். அவரும் வராதே என்று சொல்லவில்லை. மத்தியானம் ஆனதும் போனைத் துணிக்கு மேல், கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு தைப்பார். அது அடிக்காது. அந்தப் பத்து நிமிஷம் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது புதிதாக ஒரு பெண் வந்தாள். கணவருக்குத் தில்லிக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறதாம். மலை மந்திர் முருகன் கோயிலில் யாரோ அக்காவைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் மூன்று ரவிக்கைத் துணி. அக்கா அளவுப் புத்தகத்தைத் திறந்தார். அட்டையின் உள்பக்கத்தில் பசை காய்ந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் காகிதம் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஊர்?" என்று அக்கா கேட்டார்.

"மதுரைக்கா. மதுரைன்னா மேலூர் பக்கம்." தமிழ் கேட்ட சந்தோஷத்தில் அந்தப் பெண்ணுக்கு வாய் நிற்கவில்லை. "பத்து நாளா அச்சா அச்சான்னு மண்டையாட்டி கழுத்தே வலிக்குதுக்கா. நீங்க எந்த ஊரு?"

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "டெல்லி" என்றார்.

"டெல்லியா? பேச்சு அப்பிடித் தெரியலையே. சும்மா சொல்லுங்கக்கா, எந்த ஊரு?"

அக்கா தையலை முடித்து, குனிந்து நூலைக் கடித்தார். நிமிர்ந்தபோது அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சொன்னால், இவ எழுதிப்போடுவா" என்றார்.

அந்தப் பெண் பகடி என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். நான் தரையில் சிந்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.